டோக்கியோவில் ஒரே ஒரு காலை: சூஃப்ளே பான்கேக்கா, பழைய ஹாட்கேக்கா, ரிகோட்டாவா?

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முதலிடம் விசாவுக்கு. இரண்டாம் இடம் அந்த ஆடுகிற பான்கேக்குக்கு. "அதான், தட்டை அசைத்தால் மூன்றும் சேர்ந்து தலையாட்டுமே, அது. எங்களுக்கு ஒரே ஒரு காலைதான் காலியாக இருக்கிறது. எந்தக் கடைக்குப் போகட்டும்?"

நான் இருப்பது டோக்கியோவின் எதோகவா வார்டில், நிஷி கசாயில். தடுக்கி விழுந்தால் ஓர் இந்தியக் குடும்பத்தின் மேல்தான் விழ வேண்டும், அப்படிப்பட்ட பகுதி. ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது, கூடவே போக வேண்டியிருக்கும். போய்ப் போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் "எந்தக் கடை" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் "எந்தப் பண்டம்" என்று கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். இட்லி, ஆப்பம், ஊத்தப்பம் மூன்றும் அரிசி மாவுதான்; அதற்காக மூன்றும் ஒன்றாகிவிடுமா? இங்கேயும் அதே கதைதான். முட்டை நுரையால் எழும்பும் சூஃப்ளே ஒன்று. பழைய காபிக் கடைகளின் கெட்டியான ஹாட்கேக் இன்னொன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, ரிகோட்டா என்ற பாலாடைக்கட்டி சேர்த்த பான்கேக் மூன்றாவது. இவற்றோடு, பல கிளைகள் வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளில் ஓவனில் வேகவைத்துத் தரும் ஒரு நடுவாந்தர சூஃப்ளேயும் உண்டு. வீட்டில் செய்வதையும் சேர்த்தால் ஐந்து.

## எதை வைத்து முடிவு செய்வது

ருசியை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்துமே நன்றாகத்தான் இருக்கும். வெண்ணெய், முட்டை, சர்க்கரை மூன்றும் சேர்ந்தால் கெட்டுப்போக என்ன இருக்கிறது? முடிவை மாற்றுவது வேறு விஷயங்கள்.

முதலாவது கடிகாரம். கடை எப்போது திறக்கிறது, வரிசை எவ்வளவு நேரம் நகரும், ஆர்டர் கொடுத்த பிறகு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும். மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வயிறு. காலை உணவு என்று சொல்லிவிட்டால் மதியம் வரை தாங்க வேண்டும் அல்லவா?

மூன்றாவது தலைக்கு எவ்வளவு ஆகும் என்பது. மெனு அட்டையில் இருக்கும் விலையைச் சொல்லவில்லை, எழுந்து வரும்போது கொடுக்கும் காசைச் சொல்கிறேன்.

நான்காவது, கூட வருபவர்கள். தனியாகப் போகிறவருக்கும், இரண்டு குழந்தைகளோடும் சர்க்கரை வியாதிக்கார மாமாவோடும் போகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

கடைசியாக, சொதப்பினால் எவ்வளவு சொதப்பும் என்பது. சில பண்டங்கள் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். சில பொறுக்காது.

## சூஃப்ளே சிறப்புக் கடை: ஆட்டம் காண வேண்டும் என்றால்

ஷியாவாசே நோ பான்கேக், ஃபிளிப்பர்ஸ், ஒசாகாவில் தொடங்கிய கிராம் ஆகியவைதான் நீங்கள் வீடியோக்களில் பார்த்திருக்கக்கூடிய பெயர்கள். ஷியாவாசே என்றால் மகிழ்ச்சி. கிராம் கடையில் மூன்றடுக்குப் பான்கேக்கை நாளுக்கு மூன்று வேளை, எண்ணி வைத்துத்தான் விற்றார்கள். அந்தக் கட்டுப்பாட்டாலேயே வரிசை இன்னும் நீண்டது.

ஒரு மழை நாள் செவ்வாய்க்கிழமை. தனியாகப் போனேன். வரிசையே இல்லை. தட்டையான சூட்டுக்கல்லுக்கு நேரெதிராக இடம் கிடைத்தது. உள்ளே இருந்த பெண் வெள்ளைக்கருவை அடித்து முடித்து, கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார், நுரை அசையவில்லை. அதில் ஒரு கரண்டியை மஞ்சள்கருக் கலவையில் போட்டுக் கலந்தார். மிச்சத்தை அதன்மேல் போட்டு, கிளறாமல், அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேர்த்தார். அப்புறம் ஐஸ்கிரீம் அள்ளுவது போல அள்ளி, கல்லின் மேல் மூன்று குவியல். பக்கத்தில் ஒரு கரண்டித் தண்ணீர். மூடி. இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து, ஒவ்வொரு குவியலின் தலையிலும் இன்னொரு கரண்டி வைத்தார். மறுபடி மூடி. திருப்பும்போதுதான் மூச்சைப் பிடித்தார். இரண்டு தோசைத் திருப்பிகளை இரு பக்கமும் கொடுத்து, குழந்தையைப் புரட்டிப் போடுவது போல மெதுவாகப் புரட்டினார். கல்லின் சூடு மிகக் குறைவு. வீட்டில் மின்சாரத் தோசைக்கல்லில் செய்பவர்கள் 150, 160 டிகிரியில்தான் வைப்பார்கள். நம் தோசைக்கல்லை இந்தச் சூட்டில் வைத்தால் தோசை காய்ந்துதான் போகும், வேகாது.

தட்டு வந்ததும் முள்கரண்டியை வைத்து அழுத்தினேன். கத்தி தேவைப்படவில்லை. வாயில் வைத்ததும் கரைகிறது. கரையும்போது சோடா நுரை அடங்குவது போல ஒரு சன்னமான சத்தம் கேட்கும். ஜப்பானியர்கள் அதற்கு 'ஷுவாஷுவா' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். பஞ்சு போன்ற மென்மைக்கு 'ஃபுவாஃபுவா'. ஷியாவாசே கடையில் நியூசிலாந்து மனுகா தேனும் வெண்ணெயும் கலந்ததைத் தருவார்கள். பழமும் கிரீமும் குவித்த தட்டை விட அந்த எளிய தட்டுதான் என் கட்சி. கிரீமைக் கொட்டிவிட்டால் எது பான்கேக், எது கிரீம் என்றே தெரியாது.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இனி கணக்கு.

இந்தக் கடைகளில் பலவும் பத்து, பதினொரு மணிக்குத்தான் திறக்கின்றன. ஆர்டர் கொடுத்தபின் இருபது நிமிடம் ஆகும் என்று மெனுவிலேயே எழுதியிருப்பார்கள். முன்கூட்டியே செய்து வைக்க முடியாது, ஏனென்றால் ஆறினால் அமுங்கிவிடும். அதனால் இங்கே வரிசையைத் தலைகளை எண்ணி மதிப்பிடக் கூடாது. ராமென் கடை வாசலில் பத்துப் பேர் நின்றால் இருபது நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். இங்கே பத்துப் பேர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கல்லில் எத்தனை தட்டுக்கு இடம் இருக்கிறதோ அந்த வேகத்தில்தான் வரிசையும் நகரும்.

வயிற்றுக் கணக்கு இதைவிட வேடிக்கையானது. வீட்டில் ஒருவருக்கு சூஃப்ளே செய்யும் வழக்கமான அளவு இரண்டு முட்டை, சுமார் 30 கிராம் மைதா. அதாவது நான்கு மேசைக்கரண்டி. கடைக்குக் கடை கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். மலை மாதிரி வந்து நிற்கும் தட்டில் பாதிக்கு மேல் காற்று. காற்றுக்கு விலை வைத்து விற்கிறார்கள் என்று குறை சொல்லவில்லை. அந்தக் காற்றை உள்ளே நிறுத்தி வைக்கத்தான் இவ்வளவு கைவேலை. ஆனால் ஒரு மணிக்கு உங்களுக்குப் பசிக்கும். அந்தச் செலவையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் அமுங்குகிறது என்று பலர் கேட்பதுண்டு. பூரி அமுங்குவதற்கும் இதற்கும் உறவு உண்டு. சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, ஈரம் ஆவியாகிறது. ஆறும்போது காற்று சுருங்குகிறது, ஆவி மறுபடி தண்ணீராகிறது. தாங்கிப் பிடிக்க மாவு குறைவு. முட்டைப் புரதச் சுவர் மட்டும்தான். தட்டு மேசைக்கு வந்த முதல் சில நிமிடங்கள்தான் அதன் ஆயுள். ஒரு படம், ஒரு சிறிய வீடியோ, அதோடு கைபேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள். இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. ஓர் அக்டோபர் ஞாயிறு. கும்பகோணத்திலிருந்து அத்தை, மாமா, அத்தை மகள், அவளுடைய இரண்டு பையன்கள், நான். கடைப் பெயர் வேண்டாம். ஒரு மணி பத்து நிமிடம் படிக்கட்டில் நின்றோம். உள்ளே போனதும் ஆளுக்கு ஒரு தட்டு ஆர்டர் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். ஜப்பானில் நெரிசலான கஃபேக்களில் இது சாதாரண விதி. சில இடங்களில் ஒரு பானம் வாங்கினால் போதும், சில இடங்களில் போதாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மாமாவுக்கும் ஒரு தட்டு தேன் பான்கேக். ஆறு தட்டு, ஒன்பதாயிரம் யென்னுக்கு மேல். ஆறும் ஒன்றாக வரவும் இல்லை; கல்லில் இடம் இருக்கிறபடி இரண்டிரண்டாக வந்தது. பெரிய பையன் வீடியோவை மூன்று முறை எடுத்தான். மூன்றாவது முறை தட்டை ஆட்டியபோது ஆட எதுவும் மிச்சமில்லை. அத்தை ஒரு வாய் போட்டுவிட்டு, "இத்தனை நேரம் கால் கடுக்க நின்னது நுரையைத் திங்கவா?" என்றார்.

பல கடைகள் மாடியிலோ நிலவறையிலோ இருக்கும், சிலவற்றில் லிஃப்ட் இருக்காது. விடுதியைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு நேராகப் போகிறவர்கள் பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிட்டுப் போவது நல்லது. கூட்ட நேரத்தில் உட்காரும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் கடைகளும் உண்டு.

எப்போது இதுவே சரி: ஒருவர் அல்லது இருவர், வார நாள், கடை திறப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வாசலில் இருக்க முடியும் என்றால். காலையில் விடுதியில் ஒரு வாழைப்பழமோ ரைஸ் உருண்டையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இருவர் என்றால் ஒரு சூஃப்ளே, இனிப்பில்லாத வேறு ஒரு தட்டு என்று வாங்கி மாற்றி மாற்றிச் சாப்பிடலாம்.

## கிஸ்ஸாதென் ஹாட்கேக்: காலை உணவு வேண்டும் என்றால்

கிஸ்ஸாதென் என்பது பழைய பாணிக் காபிக் கடை. மங்கலான விளக்கு, வெல்வெட் நாற்காலி, கடைக்காரரை எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். ஹாட்கேக் ஜப்பானுக்குப் புதிதல்ல. நிஹோன்பாஷி மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியின் உணவகத்தில் 1923இலேயே பரிமாறியிருக்கிறார்கள். 1957இல் மோரினாகா நிறுவனம் பாக்கெட் மாவை விற்கத் தொடங்க, வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஐம்பது, அறுபது வயது ஜப்பானியரிடம் பேசிப் பாருங்கள், சூஃப்ளேயைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஹாட்கேக் என்றால் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

வடிவம் ஒரு சிறிய தவில் போல. மேலும் கீழும் ஒரே சீரான பழுப்பு, பக்கவாட்டில் வெளிர் மஞ்சள் பட்டை. பெரும்பாலும் இரண்டு அடுக்கு, மேலே ஒரு சதுர வெண்ணெய், பக்கத்தில் சிறு குவளையில் சிரப். மேல் தோல் லேசாக மொறுமொறுக்கும். உள்ளே ரவா கேசரிக்கும் கேக்குக்கும் நடுவே ஓர் ஈரப்பதம். ஆசகுசாவில், சென்சோஜி கோயிலுக்குப் பக்கத்தில், 'கோஹி தெங்கோகு' என்று ஒரு சின்னக் கடை உண்டு. காபி சொர்க்கம் என்று பொருள். ஹாட்கேக்கின் மேல் 'சொர்க்கம்' என்ற எழுத்தைச் சூட்டு முத்திரையாகவே குத்தித் தருவார்கள். எப்படியும் கோயிலுக்குப் போகத்தான் போகிறீர்கள், அப்படியே நுழைந்துவிடலாம்.

இதன் பலம் எல்லாம் மாவில் இருக்கிறது. மோரினாகா பாக்கெட்டின் கணக்கு 150 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, 100 மில்லி பால். ஒரு முட்டைக்கு எவ்வளவு மாவு என்று பார்த்தால் சூஃப்ளேயைப் போலப் பத்து மடங்கு. மாவு வெந்து கெட்டிப்பட்டு அதுவே சுவராக நின்றுவிடுவதால், வெண்ணெய் உருகும் வரை பேசிக்கொண்டிருந்தாலும் உருவம் மாறாது. பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டாலும் அதே பண்டம்தான். வயிறும் ஒரு மணி வரை கேள்வி கேட்காது.

விலை கடைக்குக் கடை மாறினாலும், காபியோடு சேர்த்து 1,000 முதல் 1,500 யென்னுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கிஸ்ஸாதென்கள் பல காலை ஏழு, எட்டு மணிக்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் ஹாட்கேக் போடுவார்களா என்பதை மட்டும் வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் காலை முழுக்க டோஸ்ட் மட்டும் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல்தான் ஹாட்கேக் கல்லைச் சூடாக்குவார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள். இங்கே காசை விடச் சிகரெட் பெரிய விஷயம். 2020 ஏப்ரல் முதல் ஜப்பானில் உணவகங்களுக்குள் புகை பிடிக்கத் தடை வந்துவிட்டாலும், ஏற்கெனவே நடந்துவந்த சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு. கிஸ்ஸாதென்களில் கணிசமானவை இந்த விலக்கில் ஓடுகின்றன. புகை பிடிக்க அனுமதி என்று வாசலில் அட்டை இருந்தால் இருபது வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பிய குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கார்டு வாங்காத கடைகள் இன்னும் நிறைய. பையில் பணமாக மூவாயிரம் யென் இருக்கட்டும். பல இடங்களில் ஆங்கில மெனு இருக்காது. ஆனால் 'ஹொத்தோ கேகி' என்று சொன்னால் புரியாத மாஸ்டர் கிடையாது.

வீடியோவில் ஆடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையன்கள் ஏமாந்து போவார்கள்.

எப்போது இதுவே சரி: பெரியவர்களோடு போகும்போது, விமானத்துக்கு முந்தின காலையில், எந்த நேரக் கணக்கும் பிசகக் கூடாத நாளில்.

## ரிகோட்டா பான்கேக்: கடலும் காலையும் சேர்ந்து வேண்டும் என்றால்

இன்றைய பான்கேக் மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது 2008இல் காமகுரா பக்கம், ஷிச்சிரிகாஹாமா கடற்கரையில் திறந்த 'பில்ஸ்' என்று சொல்லலாம். ஆஸ்திரேலிய சமையல்காரர் பில் கிரேஞ்சர் 1993இல் சிட்னியில் தொடங்கிய கடையின் முதல் வெளிநாட்டுக் கிளை அது. அவர் 2023 டிசம்பரில் காலமானார். அவருடைய ரிகோட்டா ஹாட்கேக்கை இன்னமும் அப்படியே போடுகிறார்கள். மேலே வாழைப்பழமும், 'ஹனிகோம்ப்' என்ற சர்க்கரை மிட்டாய் கலந்த வெண்ணெயும் இருக்கும்.

ரிகோட்டா என்பது பாலைத் திரித்துக் கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரை மறுபடி காய்ச்சி எடுக்கும் இளம் பாலாடைக்கட்டி. பன்னீரின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலும் வெள்ளைக்கருவை அடித்துத்தான் மடிக்கிறார்கள். ஆகவே சூஃப்ளேக்கு இது ஒருவகையில் பெரியப்பா முறை. ஆனால் ரிகோட்டாவின் கனம் இருப்பதால் காற்றாகக் கரைந்து போகாமல், நடுநடுவே ஈரமான வெள்ளைத் துணுக்குகள் நாக்கில் படும். அமுங்கினாலும் ருசி குறையாது.

முக்கியமாக, இது காலை உணவுக்கென்றே பிறந்த கடை. காலையிலேயே திறப்பார்கள். முட்டைப் பொரியல், டோஸ்ட், காளான் என்று உப்பு வகைகளும் உண்டு. டோக்கியோவுக்குள்ளேயும் ஓமோடெசாண்டோ, கின்ஸா போன்ற இடங்களில் கிளைகள் இருக்கின்றன. ஆனால் நான் ஷிச்சிரிகாஹாமாவுக்கே போகச் சொல்வேன். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து காமகுராவுக்கு யோகோசுகா ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கே எனோடென் என்ற குட்டி ரயிலுக்கு மாறினால், வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டே போய்க் கடலில் கொண்டுபோய் விடும்.

செலவு இருப்பதில் அதிகம். பானத்தோடு தலைக்கு 2,500 யென்னுக்கு மேல் ஆகிவிடும். ரயில் கட்டணம் தனி. பான்கேக்குக்காக மட்டும் இவ்வளவு தூரம் போவது அநியாயம். காமகுராவின் பெரிய புத்தரைப் பார்க்கும் திட்டம் இருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் எனோடென் ரயிலுக்கே வரிசை நிற்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

## ஹோஷினோ மாதிரியான சங்கிலிக் கடை: திட்டம் சொதப்பினால்

2011இல் சைதாமா மாநிலத்து வாராபியில் முதல் கடையைத் திறந்தது ஹோஷினோ காபி. இன்று நாடு முழுக்க, ஸ்டேஷன் பக்கமும் மால்களிலும் கிளைகள். இவர்களுடைய சூஃப்ளே பான்கேக்கைக் கல்லில் போடாமல் ஓவனில் வைத்து எடுக்கிறார்கள். அதனால் மேல்தோல் பொன்னிறமாக நிற்கும், உள்ளே சூஃப்ளே. ஆட்டம் குறைவு, ஆயுள் கொஞ்சம் அதிகம். காத்திருப்பு இங்கேயும் கிட்டத்தட்ட இருபது நிமிடம்தான். ஆனால் உட்கார்ந்த இடத்தில், கையில் காபியோடு. காபியைச் சேர்க்காமல் ஒற்றை அடுக்கு மட்டும் என்றால் ஆயிரம் யென்னுக்குள் முடியும்.

சிறப்புக் கடைக்குப் போய் வரிசையைப் பார்த்து மலைத்தவர்களை நான் இங்கேதான் கூட்டி வருவேன். யாரும் இதுவரை கோபித்ததில்லை. சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஹோஷினோ அங்கேயும் கடை திறந்திருக்கிறது, ஆகவே இதற்காக ஜப்பானில் ஒரு காலையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

## வாடகை வீட்டு அடுப்பில் நீங்களே செய்வது

சூஃப்ளேயை முயற்சி செய்யாதீர்கள். வாடகை வீடுகளில் முட்டை அடிக்கும் மின்கருவி இருக்காது, கையால் வெள்ளைக்கருவை அடித்து முடிக்கும்போது தோள்பட்டை விடுப்பு கேட்கும். துளி மஞ்சள்கரு சேர்ந்தாலோ கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ நுரையும் நிற்காது.

ஹாட்கேக் பாக்கெட் என்றால் தாராளமாகச் செய்யலாம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். அதில் ஒரு வித்தை இருக்கிறது. வாணலியைச் சூடாக்கி, ஈரத் துணியின் மேல் ஒரு நொடி வையுங்கள். 'சுர்ர்' என்று அடங்கும். கல் முழுக்கச் சூடு சமமாகிவிடும். பிறகு அடுப்பைக் குறைத்து, ஒரு முழ உயரத்துக்குக் கொஞ்சம் கீழே கரண்டியைப் பிடித்து மாவை ஒரே இடத்தில் ஊற்றினால் தானாக வட்டமாகப் பரவும். பாக்கெட்டின் முதுகில் இருப்பதும் இதுதான். மூன்று நிமிடத்தில் மேலே சின்னச் சின்னக் குமிழி வரும், திருப்புங்கள், இன்னும் இரண்டு நிமிடம். தோசைக்குத் தண்ணீர் தெளிக்கிற கைக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. நான்கு பேருக்கு ஒரு பெட்டி போதும்.

## ஒரே பார்வையில்

| | சூஃப்ளே சிறப்புக் கடை | கிஸ்ஸாதென் ஹாட்கேக் | ரிகோட்டா (பில்ஸ்) | ஹோஷினோ | வீட்டில் |
|---|---|---|---|---|---|
| காலையில் கிடைக்குமா | பெரும்பாலும் 10–11க்குப் பிறகு | கடையைப் பொறுத்து | கிடைக்கும் | கிளையைப் பொறுத்து | எப்போதும் |
| வாசல் வரிசை | அதிகம் | குறைவு | விடுமுறையில் அதிகம் | குறைவு | இல்லை |
| தலைக்குச் செலவு (சுமார்) | 1,300–2,000 யென் | 1,000–1,500 யென் | 2,500 யென்னுக்கு மேல் | 1,000–1,500 யென் | மிகக் குறைவு |
| மதியம் வரை தாங்குமா | தாங்காது | தாங்கும் | தாங்கும் | அரைகுறை | தாங்கும் |
| தாமதித்தால் | அமுங்கும் | ஒன்றும் ஆகாது | பரவாயில்லை | கொஞ்சம் அமுங்கும் | ஒன்றும் ஆகாது |
| குழந்தைகள் | வரிசை தாங்கினால் | சிகரெட் அட்டை பார்க்கவும் | சரி | மிகவும் சரி | மிகவும் சரி |

## முட்டை சேர்க்காதவர்களுக்கு

"இட்லி மாதிரிதானே இருக்கிறது, சைவம்தானே?" என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். இட்லி எழும்புவது புளிப்பால். சூஃப்ளே எழும்புவது முழுக்க முழுக்க முட்டையால். முட்டையை எடுத்துவிட்டால் பண்டமே இல்லை. மற்ற நான்கிலும் முட்டை உண்டு. முட்டை வேண்டாம் என்பவர்கள் கூட்டத்தோடு வந்தால், நகோயாவில் 1968இல் தொடங்கிய கொமெதா காபி பக்கம் போகலாம். காலை பதினொன்று வரை காபி விலைக்கே டோஸ்ட் சேர்த்துத் தருவார்கள். கூட வரும் அவித்த முட்டைக்குப் பதிலாக அசுகி பயறு இனிப்புப் பூரணத்தைக் கேட்டு வாங்கலாம். சூடான ரொட்டியில் வெண்ணெய், அதன் மேல் பூரணம். கொழுக்கட்டைக்குப் பழகிய நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது.

## என் ஓட்டு எதற்கு

தனியாகவோ இணையாகவோ வருகிறவர்களை யோசிக்காமல் சூஃப்ளே கடைக்கு அனுப்புவேன், ஆனால் காலை உணவாக அல்ல. வார நாளில் மூன்று மணி வாக்கில் போங்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கரைந்திருக்கும், பசியும் அவ்வளவாக இருக்காது, நுரைக்கு நியாயம் செய்யலாம். அந்த ஒரே ஒரு காலையை ஹாட்கேக்குக்குக் கொடுங்கள்.

நான்கு பேருக்கு மேல், குழந்தைகளோடு என்றால் ஹோஷினோ. காமகுரா போகிற நாள் என்றால் ரிகோட்டா. விடுமுறை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, கூட்டம் மொய்க்கும் ஹராஜுகு பகுதியில் ஆறு பேர் என்றால், தயவுசெய்து என்னைக் கூப்பிடாதீர்கள்.

அத்தை ஊருக்குக் கிளம்பிய நாள் காலை, பையன்கள் எழுவதற்கு முன் அவரையும் மாமாவையும் எங்கள் தெருமுனைக் கிஸ்ஸாதெனுக்குக் கூட்டிப் போனேன். மாமாவுக்கு டோஸ்ட், சர்க்கரை போடாத காபி. அத்தை முன்னால் ஹாட்கேக் வந்தது. சிரப் குவளையை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். மேசையில் இருந்த உப்புக் குப்பியை எடுத்து, உருகுகிற வெண்ணெயின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, விண்டு வாயில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பாதி முடிந்ததும் கல்லாவைப் பார்த்து, தட்டின் காலி ஓரத்தைச் சுட்டிக் காட்டி, "வெண்ணெய்" என்றார், தமிழிலேயே. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு சதுரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பில்லில் அது இல்லை.